அட்மிரல் டூலிட்டில்

வித்துவக் காய்ச்சல் புலவர் உலகிற்கே உரியது என்று கருதுவது வழக்கம். ஒரே கலையில் தேர்ந்தவர் இருவர் ஒரே அவையில் நிற்கும்போது எழும் அந்த வெப்பம் வானில் பறந்தவர்களிடமும் இருந்தது. அமெரிக்காவில் 1920களில் அது இரண்டு படைகளுக்கு இடையே மூண்டது. அந்நாளில் அந்நாட்டில் விமானப்படை என்று தனித்த படை ஒன்று இல்லை. தரைப்படையிடம் ஒரு விமானப் பிரிவும், கடற்படையிடம் மற்றொரு விமானப் பிரிவும் இருந்தன. இரு பிரிவின் விமானிகளும் ஒரே தொழிற்சாலையின் விமானங்களில் ஏறினர். ஒரே பந்தயத்தில் மோதினர். ஒருவர் திறத்தை மற்றவர் நன்கு அறிந்திருந்தனர். அந்தப் போட்டியின் இனிமையையும் கசப்பையும் ஒருங்கே கண்டவர் ஜேம்ஸ் ஹெரால்டு டூலிட்டில். அவர் குடும்பப் பெயரைப் பிரித்துப் படித்தால் ஆங்கிலத்தில் சிறிதே செய்பவர் என்று பொருள்படும். வாழ்வுக்குச் சற்றும் பொருந்தாத பெயர்களின் வரிசையில் அதற்கு உயர்ந்த இடம் தரலாம்.

அவர் 1896 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய அலமீடா நகரில் பிறந்தார். தந்தை தச்சர்; தங்கம் கிடைக்கும் என்ற செய்தியை நம்பி அலாஸ்காவின் நோம் என்னும் பனியூருக்குச் சென்றவர். அங்கேதான் மகனின் இளமை கழிந்தது. உயரம் குறைந்த சிறுவனைப் பெரிய பிள்ளைகள் சீண்டினர்; சிறுவன் கைமுட்டியால் விடை சொல்லக் கற்றுக்கொண்டான். பின்னர்க் குத்துச்சண்டை வீரனாகவும் பெயர் பெற்றான். 1910இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த விமானக் கண்காட்சி அவன் கண்களை வானத்தின் பக்கம் திருப்பியது. 1917இல் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு இராணுவத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 24இல் ஜோசபின் டேனியல்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். முதல் உலகப் போரில் களத்துக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. உள்நாட்டிலேயே இருந்து பிறருக்குப் பறக்கக் கற்பித்தார். ஆசிரியராகத் தொடங்கிய அவரே பிற்காலத்தில் மாணவராக அமர வேண்டிய நாள் ஒன்று வந்தது. அதுவே அவர் வாழ்வின் உச்சமாயிற்று.

1922 செப்டம்பரில் புளோரிடாக் கடற்கரையில் புறப்பட்டுக் கலிபோர்னியாவின் சான்டியாகோ வரை, ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறங்கி, 21 மணி 19 நிமிடத்தில் அமெரிக்கக் கண்டத்தைக் கடந்தார். அதுவரை 24 மணி நேரத்துக்குள் அதனை எவரும் செய்ததில்லை. இத்தகைய செயலுக்குப் பின் பெரும்பாலோர் புகழ்மாலைகளோடு நின்றுவிடுவர். டூலிட்டில் மீண்டும் வகுப்பறைக்குச் சென்றார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1924இல் முதுகலைப் பட்டமும் 1925இல் முனைவர் பட்டமும் பெற்றார். விமானப் பொறியியலில் அமெரிக்கா வழங்கிய முதல் முனைவர் பட்டங்களுள் அதுவும் ஒன்று. விமானம் வேகமாகத் திரும்பும்போதும் செங்குத்தான பாய்ச்சலிலிருந்து மீளும்போதும் அதன் உறுப்புகள் எவ்வளவு சுமையைத் தாங்கும், விமானியின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அவர் தாமே பறந்து அளந்தார். ஏட்டுக் கல்வியை எள்ளி நகையாடிய விமானிகள் அக்காலத்தில் பலர். அவர்கள் நடுவே இவர் தம் ஆய்வுக்குத் தம் உடலையே கருவியாக்கிக் கொண்டார்.

இரு படைகளின் போட்டிக்கு அதற்குள் வயது வந்துவிட்டது. 1921 ஜூலையில் தரைப்படையின் பில்லி மிட்செல், ஆஸ்ட்ஃபிரீஸ்லாந்து என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை விமானக் குண்டுகளால் மூழ்கடித்துக் காட்டினார். கடற்படைத் தலைவர்கள் அதனைத் தம் மீது விழுந்த அடியாகவே கொண்டனர். தனி விமானப்படை வேண்டும் என்று மிட்செல் முழங்க, கடற்படை தன் விமானங்களை விட்டுக்கொடுக்க மறுத்தது. மேலிடத்தில் நடந்த அந்தப் பூசல், கீழே விமானிகளிடம் வேறு வடிவம் கொண்டது. புலிட்சர் கோப்பைப் பந்தயத்தை 1922இல் தரைப்படையின் மாகன் வென்றார். 1923இல் கடற்படையின் ஆல் வில்லியம்ஸ் வென்றார். 1924இல் கோப்பை மீண்டும் தரைப்படைக்கு வந்தது. தொல்காப்பியம் வகுத்த தும்பைத் திணையில் மண்ணோ ஆநிரையோ போரின் நோக்கமாவதில்லை. வலிமையை நிலைநாட்டுவதே நோக்கம். இவ்விளைஞர்களின் பந்தயங்களும் அவ்வகையினவே.

1925இல் நடந்தது விந்தையானது. கர்டிஸ் நிறுவனத்தின் ஆர்3சி என்னும் பந்தய விமானங்களை இரு படைகளும் சேர்ந்தே வாங்கின. ஒன்றை ஒன்று வெல்வதற்கான கருவியை இருவரும் பங்கு போட்டு வாங்கினர் என்று சொல்லலாம். தரைப்படையின் சார்பில் சைரஸ் பெட்டிசும் டூலிட்டிலும் தேர்வாயினர். அக்டோபர் 12இல் நியூயார்க் அருகே நடந்த புலிட்சர் பந்தயத்தில் பெட்டிஸ் பறப்பது, டூலிட்டில் மாற்றாளாக நிற்பது. அதே மாத இறுதியில் நடக்கும் ஷ்னைடர் கோப்பையில் டூலிட்டில் பறப்பது, பெட்டிஸ் மாற்றாளாக நிற்பது என்று ஏற்பாடு. பெட்டிஸ் மணிக்கு 248.9 மைல் வேகத்தில் பறந்து கடற்படையின் வில்லியம்சை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்.

ஷ்னைடர் கோப்பை அப்படி எளிதன்று. அது கடலில் இறங்கி ஏறும் விமானங்களுக்கு உரிய பன்னாட்டுப் பந்தயம். 1923இல் அதனை இங்கிலாந்து சென்று வென்று வந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையினர். நீரும் மிதவையும் அவர்கள் வீட்டுச் செல்வம். தரைப்படை விமானிக்கு அவை அயல்மொழி. அந்த மொழியை டூலிட்டில் எங்கே கற்றார் என்பதுதான் சுவையான செய்தி. வாஷிங்டன் நகரின் கடற்படை விமான நிலையத்துக்கே அவர் அனுப்பப்பட்டார். விரைந்து பறக்கும் கடல்விமானங்களைக் கையாளும் பயிற்சியை அங்கே கடற்படையே அவருக்கு அளித்தது. அலை மேல் விமானத்தை எப்படி ஓட்டுவது, மிதவை நீரை விட்டு எழும் கணத்தை எப்படி உணர்வது என்பவற்றை, அடுத்த சில மாதங்களில் தம்மை வெல்ல வரப்போகிறவருக்கு அவர்கள் மறைக்காமல் கற்பித்தனர். போட்டியாளனுக்குத் தன் வித்தையைக் கற்றுக் கொடுத்துவிட்டுக் களத்தில் சந்திக்கும் பெருமனம் எந்தத் துறையிலும் அரிதே.

பெட்டிஸ் வென்ற விமானத்தின் சக்கரங்கள் அகற்றப்பட்டு மரத்தாலான மிதவைகள் பொருத்தப்பட்டன. காற்றின் சீற்றத்தால் இரண்டு நாள் ஒத்திவைக்கப்பட்ட பந்தயம் அக்டோபர் 26இல் பால்டிமோர் அருகே செசபீக் விரிகுடாவில் நடந்தது. ஐம்பது கிலோமீட்டர் முக்கோணப் பாதையை ஏழு முறை சுற்ற வேண்டும். அமெரிக்கத் தரப்பில் டூலிட்டிலோடு கடற்படையின் கடிஹியும் ஆஃப்ஸ்டியும் பறந்தனர். எதிரே பிரிட்டனும் இத்தாலியும். திருப்பு கம்பங்களை நெருங்கும்போது மற்றவர்கள் அகலச் சுற்றினர். டூலிட்டில் இறக்கையை ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்த்துக் கம்பத்தை ஒட்டியே திரும்பினார். விமானமும் உடலும் தாங்கும் எல்லையைத் தம் ஆய்வில் அளந்து வைத்திருந்தவருக்கு அந்தத் துணிவு குருட்டுத் துணிவன்று, கணக்கிட்ட துணிவு. கடற்படையின் இருவரும் பொறிக் கோளாற்றால் இடையில் விலக நேர்ந்தது. டூலிட்டிலின் சராசரி வேகம் மணிக்கு 232.57 மைல். இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஹூபர்ட் பிராடு 199 மைல்தான் எட்டினார். மறுநாளே அதே விமானத்தில் நேர்ப்பாதையில் 245.7 மைல் வேகத்தைத் தொட்டுக் கடல்விமானங்களுக்கான உலகச் சாதனையையும் நிகழ்த்தினார்.

கடலே தம்முடையது என்று எண்ணியிருந்தவர்களைக் கடலிலேயே தரைப்படையான் வென்றுவிட்டான். டேட்டன் நகரத்து விமானத் தளத்தில் இருந்த அவருடைய தரைப்படை நண்பர்களுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. அவருக்குக் கடற்படைச் சீருடை அணிவித்து, படகு ஒன்றில் ஏற்றி, அப்படகை வண்டி மேல் வைத்து, அட்மிரல் ஜேம்ஸ் டூலிட்டில் என்று எழுதிய பலகையோடு நகர வீதிகளில் ஊர்வலம் விட்டனர். ஒரு முதல்நிலை லெப்டினன்ட் ஒரே நாளில் அட்மிரல் ஆன கதை இதுதான். அடுத்த ஆண்டு ஷ்னைடர் பந்தயத்தில் கடற்படை சார்ந்த மரீன் விமானி ஷில்ட் அதே விமானத்தில் பறந்து இத்தாலியருக்கு அடுத்த இடம் பெற்றார். அவர் வேகம் 231.4 மைல்.

இந்தக் கேலி ஊர்வலத்தின் இனிமையை உணர, அதே வாரத்தில் வாஷிங்டனில் நடந்ததையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் கடற்படையின் ஷெனண்டோவா என்னும் வான்கப்பல் புயலில் சிக்கி உடைந்து 14 பேர் மாண்டனர். படைத் தலைமைகளின் திறமையின்மையே அதற்குக் காரணம் என்று மிட்செல் வெளிப்படையாகக் கண்டித்தார். ஷ்னைடர் பந்தயம் முடிந்த இரண்டாம் நாள், அக்டோபர் 28இல், அவர் மீதான இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. டிசம்பரில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மேசைகளின் பின்னால் அமர்ந்தோர் இரு படைகளாகப் பிரிந்து நின்று ஒருவரை ஒருவர் சிதைத்தனர். விமானங்களில் அமர்ந்தோர் ஒருவர் விமானத்தை ஒருவர் வாங்கிப் பறந்தனர்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டூலிட்டில் செய்தவை பல. அவற்றுள் தலையாயது 1929 செப்டம்பர் 24இல் நிகழ்ந்தது. விமானியின் இருக்கை திரையால் மூடப்பட்டிருக்க, வெளியே எதையும் காணாமல் கருவிகளை மட்டுமே நம்பிப் புறப்பட்டுச் சுற்றி வந்து இறங்கினார். இன்று மேகத்திலும் இரவிலும் அஞ்சாமல் பயணம் செய்வோர் அனைவரும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் கடன்பட்டவர்கள். அவர் அன்று பறந்த பயிற்சி விமானமும் கடற்படைக்கென வடிவமைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது! 1930இல் முழுநேரப் படைப் பணியிலிருந்து விலகி ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே உயர்தர விமான எரிபொருளைப் பெருமளவில் ஆக்கும்படி வற்புறுத்தினார். 1932இல் தாம்சன் கோப்பையை வென்றபின், பந்தயங்கள் விமானவியலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டன, இனி அவை உயிரைக் குடிக்கும் என்று கூறி அவற்றிலிருந்து ஒதுங்கினார். 1934இல் அரசு அமைத்த குழுவில் தனி விமானப்படை வேண்டும் என்று மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்த ஒரே உறுப்பினர் அவர். கடற்படையோடு அவருக்கு இருந்த தோழமை, தம் கொள்கையை அவர் மறைத்துக்கொள்ளக் காரணம் ஆகவில்லை.

1940இல் மீண்டும் படைக்குத் திரும்பினார். 1941 டிசம்பர் 7இல் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. ஜப்பானை எப்படியாவது திருப்பித் தாக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வற்புறுத்தினார். கடற்படை விமானங்கள் சிறியவை. அவற்றைக் கொண்டு தாக்க வேண்டுமானால் கப்பல்கள் எதிரியின் கரைக்கு மிக அருகே சென்றாக வேண்டும். தரைப்படையின் குண்டுவீச்சு விமானங்கள் தொலைவு பறப்பவை; ஆயினும் அவை ஏறுவதற்குரிய நிலம் அருகில் இல்லை. இரண்டையும் இணைத்தால் என்ன என்று எண்ணியவர் கடற்படையின் நீர்மூழ்கி அதிகாரியான கேப்டன் ஃபிரான்சிஸ் லோ. 1942 ஜனவரியில், நார்ஃபோக் நகரில், விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தைப் போல ஓடுபாதையில் வரையப்பட்டிருந்த கோட்டுருவின் மேல் தரைப்படை விமானங்கள் பறந்ததைக் கண்டபோது அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியது. எண்ணம் கடற்படையினுடையது, நிறைவேற்றும் பொறுப்பு டூலிட்டிலுடையது. இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி-25 வகை விமானத்துக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் மிட்செல். கடற்படையை ஓயாது சாடியவரின் பெயர் தாங்கிய விமானங்கள் கடற்படையின் முதுகில் ஏறிச் செல்லவிருந்தன.

நீண்ட ஓடுபாதையில் நிதானமாக ஓடி எழுந்து பழகியவர்கள் அந்த விமானிகள். கப்பலில் கிடைப்பதோ ஐந்நூறு அடிக்கும் குறைவு. அந்த வித்தையைக் கற்பிக்க, மார்ச் மாதத்தில் புளோரிடாவின் எக்ளின் தளத்துக்குக் கடற்படையின் லெப்டினன்ட் ஹென்றி மில்லர் வந்தார். அவர் அதற்கு முன் பி-25 விமானத்தில் பறந்ததே இல்லை. ஆனால் குறுகிய தளத்திலிருந்து எழுவதன் இலக்கணம் அவருக்குத் தெரியும். நிறுத்துவிசையை அழுத்திப் பிடித்தபடி பொறிகளை முழு வேகத்தில் முடுக்குவது, இறக்கை மடிப்புகளை இறக்குவது, கைப்பிடியை முன்னதாகவே இழுத்து, விமானம் விழுமோ என்று அஞ்சத்தக்க மெதுவான வேகத்தில் அதனை மேலே தூக்குவது ஆகியவற்றை அவர் கற்பித்தார். தரைப்படை விமானிகள் அதுவரை பாவம் என்று கருதி விலக்கியவை யாவும் அங்கே பாடமாயின.

அந்த மாணவர்களுள் டூலிட்டிலும் ஒருவர். வயது 45, பதவி லெப்டினன்ட் கர்னல், முனைவர் பட்டம் பெற்றவர், அந்நாட்டின் பெரும் விமானக் கோப்பைகள் பலவற்றைக் கண்டவர். தம்மிலும் இளைய, தம்மிலும் பதவி குறைந்த, வேறொரு படையைச் சேர்ந்த ஒருவரிடம் மற்றவர்களைப் போலவே பயின்று, தேறியபின்தான் தாமும் செல்லத் தகுதி உடையவர் என்று கொண்டார். அவருடைய வீரச் செயல்களைப் பாடுவோர் இந்த ஒரு செயலைக் கடந்து சென்றுவிடுகின்றனர். உண்மையில் அவருடைய பெருமை இங்கே தெரிவது போல வேறெங்கும் தெரிவதில்லை.

ஏப்ரல் முதல் நாள், கடற்படையின் ஹார்னெட் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் 16 விமானங்கள் ஏற்றப்பட்டன. ஏற்றிய இடம் அலமீடா. அவர் பிறந்த ஊர் அப்போது கடற்படையின் விமானத் தளமாக மாறியிருந்தது. முதலில் 15 விமானங்கள் தாக்குவதாகவும், கப்பலிலிருந்து எழ முடியும் என்று காட்டும் பொருட்டுப் பதினாறாவது விமானம் இடைவழியில் கரைக்குத் திரும்புவதாகவும், அதில் மில்லரும் செல்வதாகவும் திட்டம். பின்னர் அதுவும் தாக்குதலில் சேர்க்கப்பட்டது; மில்லர் கப்பலிலேயே தங்கினார். மேல்தளத்தைத் தரைப்படை விமானங்கள் அடைத்துக்கொண்டதால் ஹார்னெட்டின் சொந்த விமானங்கள் கீழ்த்தளத்தில் முடங்கின. தம் வீட்டு முற்றத்தை விருந்தினருக்கு விட்டுவிட்டு உள்ளே அடைந்திருப்போர் நிலை கடற்படை விமானிகளுக்கு. காவலுக்கு எண்டர்பிரைஸ் என்னும் மற்றொரு கப்பல் வந்து சேர்ந்தது. பயணத்தில் இரு படையினரும் சீட்டாடினர்; கப்பலின் இடவலப் பெயர்கள்கூடத் தெரியாத தரைப்படையினரைக் கடற்படையினர் கேலி செய்தனர்.

ஏப்ரல் 18 காலை, ஜப்பானின் காவற்படகு ஒன்று கப்பல்களைக் கண்டுகொண்டது. கரை இன்னும் அறுநூறு கடல்மைலுக்கு மேல் இருந்தது. குறித்த நேரத்துக்குப் பத்து மணி நேரம் முன்னதாகவே புறப்பட வேண்டியதாயிற்று. தாக்கிவிட்டுச் சீனாவில் இறங்கப் போதிய எரிபொருள் இருக்குமா என்பது ஐயம். கப்பலுக்குத் திரும்புவது இயலாது. அவ்வளவு பெரிய விமானம் அத்தளத்தில் இறங்க முடியாது. கடல் கொந்தளித்தது. முன்முனை தாழும்போது ஓடத் தொடங்கி, அது உயரும்போது தளத்தை விட்டு எழ வேண்டும். அந்தக் கணத்தைக் கணித்துக் கொடியசைத்தவர் கடற்படை அதிகாரி. ஓரத்தில், அறையும் காற்றில், கரும்பலகை ஒன்றைத் தூக்கிப் பிடித்து நின்றார் மில்லர். ஒவ்வொரு விமானிக்கும் கடைசிக் குறிப்புகளை அதில் எழுதிக் காட்டினார். எக்ளினில் தொடங்கிய வகுப்பு அந்தக் கணம் வரை முடியவில்லை.

முதல் விமானம் டூலிட்டிலுடையது. அவருக்கு முன்னே இருந்த தளம் 467 அடி. பின்னால் நின்றவர்களை விட அவருக்கே குறைவு. அந்தப் பதினாறு விமானிகளில் எவரும் அதற்கு முன் பி-25 விமானத்தைக் கப்பலிலிருந்து எழுப்பியதில்லை. அவர் எழுந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பதினாறும் எழுந்தன. ஒன்றுகூடக் கடலில் விழவில்லை. வானம் தெளிந்ததும் ஹார்னெட் தன் விமானங்களை மேலே கொணர்ந்து கிழக்கே திரும்பியது.

டோக்கியோவிலும் பிற நகரங்களிலும் விழுந்த குண்டுகள் விளைத்த சேதம் பெரிதன்று. ஜப்பானியத் தலைமையின் மனத்தில் விளைத்த கலக்கம் பெரிது. ஒரு விமானம் ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக் அருகே இறங்கியது. மற்றவை அனைத்தும் சீனக் கரையிலும் மலைகளிலும் அழிந்தன. 80 பேரில் மூவர் அன்றே இறந்தனர், எண்மர் பிடிபட்டனர், அவர்களுள் மூவர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறையில் மாண்டார். வீரர்களுக்குப் புகலளித்த சீன மக்களை ஜப்பானியப் படை பழிதீர்த்தது. பல்லாயிரக் கணக்கானோர் உயிரிழந்தனர். இத்தாக்குதலின் புகழைப் பேசும் இடமெல்லாம் அந்தப் பெயரற்ற மக்களின் கணக்கும் பேசப்பட வேண்டும். டூலிட்டில் ஒரு நெல்வயலில் குடையிறங்கினார். விமானங்கள் அனைத்தையும் இழந்த தமக்கு இராணுவ நீதிமன்றமே காத்திருக்கிறது என்று தம் விமானத்தின் சிதைவருகே அமர்ந்து மனம் நொந்தார். காத்திருந்ததோ நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கமும் பிரிகேடியர் ஜெனரல் பதவியும்.

கப்பலில் அவரை வழியனுப்பியவர்களின் கதை வேறு. ஏழு வாரம் கழித்து, ஜூன் 4இல், மிட்வே போரில் ஹார்னெட்டின் டார்பிடோ விமானங்கள் பதினைந்தும் வீழ்த்தப்பட்டன. அவற்றில் சென்ற முப்பது பேரில் பிழைத்தவர் ஒருவரே. அக்டோபரில் ஹார்னெட்டும் மூழ்கியது.

விமானங்கள் எங்கிருந்து புறப்பட்டன என்று கேட்டவர்களிடம், நாவலில் வரும் கற்பனை ஊரான ஷாங்ரிலாவைச் சொல்லி ரூஸ்வெல்ட் மழுப்பினார். கடற்படை அப்பெயரைப் புதிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்குச் சூட்டியது. 1944 பிப்ரவரி 24இல் அதனைக் கடலில் இறக்கி வைத்தவர் ஜோசபின் டூலிட்டில். தம் இல்லம் வரும் விருந்தினரை மேசை விரிப்பில் கையெழுத்திடச் செய்து, அவற்றை நூலால் தைத்து ஐந்நூறுக்கு மேல் சேர்த்த அம்மையார் அவர்.

கணவர் அப்போது ஐரோப்பாவில் எட்டாவது விமானப்படையின் தலைவர். போர் முடியும் தறுவாயில் அப்படை ஒகினாவாவுக்கு மாற்றப்பட்டது. ஜப்பான் போரிலும் பங்கு கொண்டோம் என்ற பெயருக்காக மட்டும் ஒருவரையும் சாகவிட அவர் இசையவில்லை. ஆனால் அதே 1945இன் இறுதியில் செனட் குழுவின் முன், தனி விமானப்படை வேண்டும் என்று கடற்படையின் மனம் புண்படும் அளவுக்குக் கடுமையாகவே வாதிட்டார். அந்தக் கடுமை தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. அவருக்கும் மேசையின் பின்னால் அமரும் காலம் வந்துவிட்டது போலும். 1947 செப்டம்பர் 18இல் தனி விமானப்படை பிறந்தது. பெரிய குண்டுவீச்சு விமானங்களையும் ஏற்றவல்லதாகக் கடற்படை திட்டமிட்ட மாபெரும் கப்பலுக்கு 1949இல் அடிக்கட்டை நாட்டப்பட்டது. நாள், அதே ஏப்ரல் 18. ஐந்தாம் நாள் அரசு அதனைக் கைவிட்டது. படைகளுக்கு இடையே அதன்பின் எழுந்த பூசலை அட்மிரல்களின் கலகம் என்று வரலாறு குறிக்கிறது.

ஜோசபின் 1988 டிசம்பர் 24இல், தம் 71ஆவது மணநாளன்று மறைந்தார். டூலிட்டில் 1993 செப்டம்பர் 27இல் தம் 96ஆம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் கல்லறையில் இருவரும் அருகருகே உள்ளனர். ஷ்னைடர் பந்தயத்தில் அவர் பறந்த கடற்படை விமானம் அமெரிக்க தேசிய வானூர்தி அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. டோக்கியோ தாக்குதலில் பங்கேற்றோர் ஆண்டுதோறும் ஒன்றுகூடி, மறைந்தவர் பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து வந்தனர். அவர்களுள் இறுதியாக எஞ்சியவர், அன்று டூலிட்டிலின் அருகே துணை விமானியாக அமர்ந்திருந்த ரிச்சர்டு கோல். அவர் 2019 ஏப்ரல் 9இல் மறைந்தார். தாக்குதலில் பறவாத, தரைப்படையையும் சேராத ஒருவரை அவர்கள் தம்முள் ஒருவராகவே ஏற்றிருந்தனர். அவர் ஹென்றி மில்லர். கரும்பலகை பிடித்து நின்ற அந்த லெப்டினன்ட் பிற்காலத்தில் உண்மையாகவே அட்மிரல் ஆனார்.